46-வது நிமிடத்தில் இறங்கப்போகிறவர் இடைவேளையில் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதம் இது. கல்லூரி கால்பந்து அணியில் மாற்று ஆட்டக்காரராக இருக்கிறீர்கள். இடைவேளையில் பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாரும் மைதானத்துக்குள் போய் வட்டமாக நின்று பந்தைத் தட்டுவீர்கள், பிறகு வரிசையாக கோலை நோக்கி அடிப்பீர்கள். போன ஆட்டத்தில் கோச் கடைசி நேரத்தில் கூப்பிட்டு 46-வது நிமிடத்தில் இறக்கிவிட்டார். முதல் நீள ஓட்டத்திலேயே தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டது. இடைவேளையில் எத்தனை நிமிடம் வார்ம்-அப் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும், ஸ்ட்ரெச்சிங் தேவையா, கோச் பேசும்போது உள்ளே இருக்க வேண்டாமா என்று கேட்கிறீர்கள். எத்தனை நிமிடம் என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த நிமிடத்தில் இறங்கப்போகிறோம் என்று பார்க்க வேண்டும். 46-வது நிமிடத்தில் கட்டாயம் இறங்குகிறவருக்கும், 70-வது நிமிடத்தில் ஒருவேளை இறங்கக்கூடியவருக்கும் ஒரே வார்ம்-அப் பொருந்தாது. ஆனால் பெரும்பாலான அணிகளில் இருவரும் ஒரே வட்டத்தில் நின்று ஒரே பந்தைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் உடற்பயிற்சி அறிவியல் படித்தவன். பல ஆண்டுகளாக கால்பந்து அணிகளுக்கு உடற்திறன் பயிற்சி கொடுத்து வருகிறேன். மருத்துவர் அல்ல. அதனால் உங்கள் தொடைக்கு என்ன ஆனது, எப்போது மறுபடி ஓடலாம் என்பதை ஒரு விளையாட்டு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ நேரில் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நடக்கும்போதே வலித்தாலோ, தொடையில் கருநீலமாகக் கன்றியிருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். கீழே நான் சொல்வதெல்லாம் அது முழுதாக ஆறிய பிறகு செய்ய வேண்டியவை.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் மீதி எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. சும்மா இருக்கும்போது தொடைத் தசையின் உட்புற வெப்பநிலை சுமார் 35 டிகிரி செல்சியஸ், சில நேரம் அதற்கும் கீழே. நன்றாக வார்ம்-அப் செய்தால் அது 38, 39 வரை ஏறும். ஏறுவது வேகமாக நடக்கும். முதல் ஐந்து நிமிடத்திலேயே பெரும் பகுதி ஏறிவிடும், பத்து முதல் இருபது நிமிடத்துக்குள் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும். சூடான தசை வேகமாகச் சுருங்கும், நரம்பின் கட்டளை சீக்கிரம் போய்ச் சேரும், ரத்தம் தசைக்கு ஆக்சிஜனை எளிதாக விட்டுக்கொடுக்கும். தசையின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் வெடிப்புத்திறன், அதாவது பாய்ந்து ஓடவும் எம்பிக் குதிக்கவும் வேண்டிய விசை, ஏறக்குறைய 4 சதவீதம் மாறும் என்பது பல சோதனைகளில் பார்த்த கணக்கு. பந்துக்கு இரண்டு பேர் ஓடும்போது 4 சதவீதம் என்பது தோள் அகல வித்தியாசம். அந்தத் தோள் முன்னால் இருந்தால் பந்து உங்களுடையது.

ஏறுவது போலவே இறங்கவும் செய்யும். டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. முதல் பாதி ஆடிவிட்டு இடைவேளையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தசை வெப்பநிலை சுமார் இரண்டு டிகிரி குறைந்தது. இரண்டாம் பாதி தொடங்கும்போது அவர்களுடைய ஸ்பிரிண்ட் வேகம் 2.4 சதவீதம் குறைந்திருந்தது. இடைவேளையில் ஏழு நிமிடம் மிதமாக ஓடியவர்களுக்கு அந்த இறக்கம் வரவில்லை. இது ஆடிக்கொண்டிருந்தவர்களின் கதை. உங்கள் நிலைமை இதைவிட மோசம். ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப் முடிந்து பத்து பதினைந்து நிமிடம் கழித்து ஆட்டம் தொடங்குகிறது, அப்புறம் 45 நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். இடைவேளை விசில் அடிக்கும்போது உங்கள் உடம்பில் ஆட்டத்துக்கு முன்னால் செய்த வார்ம்-அப்பின் சூடு எதுவும் மிச்சம் இருக்காது. அதனால் இடைவேளையில் நீங்கள் செய்வது விட்ட இடத்திலிருந்து தொடர்வது ஆகாது. ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் அரைகுறை நேரத்தில்.

எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஆட்ட விதிப்படி இடைவேளை 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. அதில் உள்ளே போக, வெளியே வர, நடுவரிடம் மாற்றத்தைத் தெரிவிக்க, ஷூ கயிறு கட்ட என்று மூன்று நான்கு நிமிடம் போய்விடும். கோச் உங்களை உட்கார வைத்து எட்டு நிமிடம் பேசினால் மீதி மூன்றுதான். இதனால்தான் நான் எல்லா கோச்சிடமும் ஒரே ஒரு விஷயத்துக்காகத் திரும்பத் திரும்பப் பேசுவேன், சில நேரம் குரலையும் உயர்த்துவேன்: இடைவேளையில் யாரை இறக்கப்போகிறீர்களோ அவருக்கு 35-வது நிமிடத்தில் சொல்லுங்கள். இடைவேளையில் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் 35-வது நிமிடத்தில் 'ஒருவேளை நீ' என்று சொல்லிவிடுவதில் எந்த நஷ்டமும் இல்லை. அவர் எழுந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குவார். கடைசியில் இறக்காவிட்டால் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம், அவ்வளவுதான். சொல்லாமல் இறக்கினால் போவது தொடை.

ஐந்து பேரை மாற்றலாம் என்ற ஏற்பாடு 2020-ல் கொரோனா காலத்தில் தற்காலிகமாக வந்து 2022-ல் நிரந்தரமானது. அதில் ஒரு நிபந்தனை உண்டு: ஆட்டத்தின் நடுவே மூன்று முறைதான் நிறுத்தி மாற்றலாம். இடைவேளையில் செய்யும் மாற்றம் அந்த மூன்றில் சேராது. அதனால் இடைவேளையில் ஒருவரையோ இருவரையோ மாற்றுவது கோச்சுக்கு லாபமான கணக்கு. இந்த விதி உள்ள போட்டியில் ஆடுகிறீர்கள் என்றால், கோச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அணி பின்தங்கியிருந்தால் அல்லது உங்கள் இடத்தில் ஆடுகிறவர் நொண்டினால், 35-வது நிமிடத்தில் நீங்களாகவே எழுந்துவிடுங்கள்.

இப்போது 46-வது நிமிடத்தில் இறங்குகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். நான் என் ஆட்டக்காரர்களுக்குச் சொல்வது, இறங்கும் நிமிடத்திலிருந்து பின்னோக்கி எண்ணு என்பதுதான். இறங்குவதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்னால் கடைசி ஸ்பிரிண்ட் முடிந்திருக்க வேண்டும். முழு வேக ஓட்டத்தில் தசைக்குள் இருக்கும் உடனடி எரிபொருள் செலவாகிவிடும். அதில் பாதி அரை நிமிடத்தில் திரும்பும், பெரும்பாலும் முழுதாகத் திரும்ப மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும். அதே நேரம் அந்த மூன்று நான்கு நிமிடத்தில் சூடு அவ்வளவாக இறங்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் நமக்கு வேண்டியது. அந்தக் கடைசி ஸ்பிரிண்டுக்கு முன்னால் பந்தோடு இரண்டு நிமிடம். அதற்கு முன்னால் ஏறுமுகமான ஓட்டங்கள், அதாவது வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும் ஓட்டங்கள், மூன்று நான்கு நிமிடம். அதற்கும் முன்னால் மூட்டுகளைத் திறக்கும் அசைவுகளும் மெல்லோட்டமும். எல்லாம் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம் வருகிறது. மெல்லோட்டத்தையும் மூட்டு அசைவையும் முதல் பாதியின் கடைசிப் பத்து நிமிடத்திலேயே எல்லைக்கோட்டுக்கு வெளியே முடித்திருந்தால், இடைவேளையில் மைதானத்தின் அகலத்தில் செய்ய வேண்டியது ஏழு எட்டு நிமிடம்தான். அப்போது கோச் பேச்சுக்கும் நேரம் கிடைக்கும்.

அந்த ஏழெட்டு நிமிடத்தை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே குறுகிய இடம். அங்கே குதிகால் பின்பக்கம் தொட ஓடலாம், முழங்கால் உயர்த்தலாம், பக்கவாட்டில் நகரலாம், ஆனால் முழு வேகத்தில் ஓட முடியாது. லைன்ஸ்மேன் ஓடுவார், விளம்பரப் பலகை இருக்கும். 30, 40 மீட்டர் தடையில்லாமல் கிடைக்கும் ஒரே நேரம் இடைவேளைதான். அந்த அரிய இடத்தில் வட்டமாக நின்று பந்து தட்டுவது, பெரிய நிலத்தை வைத்துக்கொண்டு பூந்தொட்டியில் பயிர் வைப்பது மாதிரி. ரொண்டோ என்று சொல்லும் இந்த வட்டப் பயிற்சி வீண் என்று சொல்லவில்லை. காலுக்குப் பந்து பழகும், கண் விழிக்கும், மனம் இலகுவாகும். ஆனால் அதில் ஐந்து மீட்டருக்கு மேல் யாரும் ஓடுவதில்லை. தொடைப் பின்தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், பெரும்பாலும் கிழிவது வேகத்தின் உச்சியில், கால் முன்னால் வீசி நிலத்தைத் தொடப்போகும் அந்தக் கணத்தில். மெல்லோட்டமும் ரொண்டோவும் அந்தக் கணத்தை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஆட்டத்தில்தான் முதல்முறை தொடுகிறது.

ஆகவே ஓட்டங்களைப் படிப்படியாக ஏற்றுங்கள். 30 மீட்டர் தூரத்தில் முதல் இரண்டு ஓட்டம் பாதி வேகத்துக்குக் கொஞ்சம் மேலே. அடுத்த இரண்டு முக்கால் வேகத்தில். அதற்கடுத்த இரண்டு தொண்ணூறு சதவீதம். ஒவ்வொன்றுக்கும் பிறகு நடந்தே திரும்பி வாருங்கள், மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததைத் தொடங்காதீர்கள். இவற்றில் பாதியையாவது நேர்கோட்டில் ஓடாமல் வளைந்து ஓடுங்கள், ஏனென்றால் ஆட்டத்தில் யாரும் ரயில் மாதிரி ஓடுவதில்லை. இரண்டு ஓட்டங்களின் முடிவில் சட்டென்று நிற்கப் பழகுங்கள். வேகத்தை அடக்குவது வேகமெடுப்பதைவிடத் தசைக்குக் கடினம், ஆனால் வார்ம்-அப்பில் அதை யாரும் நினைப்பதில்லை. பிறகு நான்கைந்து எம்பல்கள், அதில் இரண்டு ஒற்றைக்காலில். பந்தோடு செய்யும் இரண்டு நிமிடமும் உங்கள் இடத்துக்குத் தக்கதாக இருக்கட்டும்: ஃபுல்பேக் என்றால் பின்னோக்கி ஓடித் திரும்பிப் பந்தை வெளியேற்றுவது, நடுக்களத்தில் ஆடுகிறவர் என்றால் தோளுக்கு மேல் பார்த்துவிட்டுப் பந்தை வாங்கித் திரும்புவது, ஸ்ட்ரைக்கர் என்றால் ஒரு தடுப்பாளரை முதுகில் தாங்கிக்கொண்டு பந்தை அடக்குவது. யாராவது ஒரு சக ஆட்டக்காரர் உங்களைக் கொஞ்சம் இடித்துத் தள்ளட்டும். இடி வாங்கிய உடம்புக்குத்தான் முதல் இடி அதிர்ச்சியாக இருக்காது.

கோலை நோக்கி அடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெஞ்சிலிருந்து எழுந்து வந்த காலால் 25 மீட்டர் தொலைவிலிருந்து முழு பலத்தோடு பந்தை உதைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். முன்தொடையின் நீளத் தசையும் தொடை இடுக்குத் தசையும் அடிபடுவதற்கு உதைப்பது ஒரு முக்கியமான வழி. நான் வேலை பார்த்த ஓர் அணியில் இளம் விங்கர் ஒருவன், இடைவேளையில் இறங்கப்போகிறோம் என்ற உற்சாகத்தில் நேராகப் போய் ஏழெட்டு ஷாட் அடித்தான். இறங்கி நான்கு நிமிடத்தில் இடுக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆறு வாரம் ஆனது. அன்று நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், அவனைத் தடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு என் அணியில் ஒரு விதி: ஓட்டங்கள் முடிந்த பிறகுதான் ஷாட், முதல் மூன்று உட்பாதத்தால் தட்டிவிடுவதாக இருக்க வேண்டும், முழு பலத்தில் இரண்டுக்கு மேல் கூடாது.

ஸ்ட்ரெச்சிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே நிலையில் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்திருந்தால், அதற்குப் பிறகு சிறிது நேரம் அந்தத் தசையின் விசை குறைகிறது. இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். அரை நிமிடத்துக்கும் குறைவாக இழுத்தால் பாதிப்பு மிகச் சிறிது, பின்னால் ஓட்டம் வந்தால் அதுவும் மறைந்துவிடும். ஆகவே கெண்டைக்கால் இறுகியிருப்பதாகத் தோன்றினால் பத்துப் பதினைந்து விநாடி இழுத்துக்கொள்ளுங்கள், பயப்பட வேண்டாம். ஆனால் அதை வார்ம்-அப் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்து இழுப்பதால் சூடு ஏறாது. காலை முன்னும் பின்னும் வீசுவது, நடந்துகொண்டே ஆழமாக முழங்கால் மடக்குவது, இடுப்பைச் சுழற்றுவது போன்ற அசைவுகள் இழுப்பையும் சூட்டையும் சேர்த்தே கொடுக்கும். 'ஃபிஃபா 11 பிளஸ்' என்ற காயத்தடுப்புப் பயிற்சித் தொகுப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 15 பயிற்சிகள், மூன்று பகுதிகள், முழுதாகச் செய்ய 20 நிமிடம். அதை உருவாக்கியவர்களே ஆட்டத்துக்கு முன்னால் ஓட்டங்கள் உள்ள முதல் பகுதியையும் மூன்றாம் பகுதியையும் மட்டும் செய்யச் சொல்கிறார்கள். வலுவூட்டும் நடுப்பகுதி பயிற்சி நாட்களுக்கு. முழங்காலில் நின்று மெல்ல முன்னால் சாயும் ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சியை இடைவேளையில் சிலர் செய்து பார்த்திருக்கிறேன். வாரத்தில் வேறு நாட்களில் அதைக் கட்டாயம் செய்யுங்கள், உங்கள் தொடைக்கு அதைவிட நல்லது குறைவு. இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வேண்டாம்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துவிடுகிறேன். சூடு இறங்குவதும், அதனால் வேகமும் எம்பலும் குறைவதும், சில நிமிட ஓட்டம் அதைத் திருப்பிக் கொடுப்பதும் உறுதி. இடைவேளை வார்ம்-அப் காயத்தைத் தடுக்கிறது என்பது அந்த அளவுக்கு உறுதியானது அல்ல. இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டங்களில் நடந்த ஒரு பழைய கணக்கெடுப்பில், ஹாம்ஸ்ட்ரிங் காயங்களில் ஏறக்குறைய பாதி ஒவ்வொரு பாதியின் கடைசி மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் வந்திருந்தன. அதாவது குளிர்ந்த காலைவிடக் களைத்த கால்தான் அங்கே பெரிய குற்றவாளி. உங்களுக்கு நேர்ந்தது குளிர்ந்த தசையாலா, முன்பே இருந்த சிறு கிழிசலாலா, அந்த வாரம் அதிகம் ஓடியதாலா, தூக்கம் கெட்டதாலா என்று யாராலும் பின்னோக்கிப் போய்ச் சொல்ல முடியாது. முன்பு அதே தசையில் காயம் பட்டிருப்பதுதான் மறுபடி படுவதற்கு மிக வலுவான அறிகுறி. அதனால் இனி உங்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும். ஏறுமுக ஓட்டங்களில் இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம், ஆறு ஓட்டம் என்று நான் கொடுக்கும் எண்கள் அனுபவத்தில் வந்தவை. எட்டு நிமிடத்தில் தயாராகிவிடுகிறவர்களும் உண்டு, முப்பது வயதைத் தாண்டி பதினைந்து நிமிடம் கேட்கிறவர்களும் உண்டு. வியர்வை அரும்பியிருக்கிறதா, இடையில் ஒரு வாக்கியம் பேசினால் மூச்சு இடறுகிறதா, கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட இலகுவாக இருந்ததா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லை.

கோச் பேச்சை விட்டுவிடலாமா என்றால், முழுதாக விட முடியாது. இறங்கி முதல் நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தால் நீங்கள் யாரை மார்க் செய்ய வேண்டும், அதாவது யாரை ஒட்டி நின்று தடுக்க வேண்டும்? இது தெரியாமல் இறங்கிய ஆட்டக்காரரால் கோல் விழுவதைப் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்யும் இடங்களில் ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம்: விசில் அடித்ததும் கோச் முதல் ஒரு நிமிடத்தை இறங்கப்போகிறவருக்கு மட்டும் கொடுப்பார், நின்றபடியே. உன் இடம் இது, பந்து நம்மிடம் இருக்கும்போது இது, இல்லாதபோது இது, கார்னரில் இன்னாரை மார்க் செய், அவ்வளவு. அதற்குள் மற்றவர்கள் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கியிருப்பார்கள். இவர் வெளியே ஓடிவிடுவார். கடைசி இரண்டு நிமிடத்துக்கு உள்ளே வந்து, உட்காராமல் நின்று கேட்பார். முதல் பாதியை பெஞ்சிலிருந்து பார்த்த விதம் இங்கே கை கொடுக்கும். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடிய ஓலே குன்னார் சோல்ஷார் பெஞ்சில் இருக்கும்போது எதிரணித் தடுப்பாளர்கள் எங்கே பிசகுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பவர் என்று பெயர் வாங்கியவர். 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் 81-வது நிமிடத்தில் இறங்கி, 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் வெற்றி கோலைப் போட்டார். இடைவேளையில் இறங்கியவர்களில் சொல்ல வேண்டியவர் லெவன்டோவ்ஸ்கி. 2015 செப்டம்பர் 22 அன்று வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக பயர்ன் மியூனிக் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது இடைவேளையில் இறங்கினார். 51-வது நிமிடத்துக்கும் 60-வது நிமிடத்துக்கும் நடுவே ஐந்து கோல். நல்ல வார்ம்-அப்பால் ஐந்து கோல் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆட்டத்துக்குள் வந்து 'செட் ஆக' ஒரு மாற்று ஆட்டக்காரருக்குப் பத்து நிமிடம் ஆகும் என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஓர் ஆட்டமே தலைகீழாக முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி மற்ற மாற்று ஆட்டக்காரர்கள். இடைவேளையில் இறங்காதவர்கள் முழு வார்ம்-அப்பையும் அப்போதே செய்து முடித்துவிட்டு 70-வது நிமிடம் வரை உட்கார்ந்திருந்தால் பலன் இல்லை, சேர்த்த சூடு போய்விடும். அவர்களுக்கு இடைவேளை என்பது நீள ஓட்டத்தைத் தொட்டுப் பார்க்கும் நேரம்: ஐந்தாறு நிமிடம், நான்கு ஏறுமுக ஓட்டம், கொஞ்சம் பந்து. ரொண்டோவுக்கும் இங்கே இடமுண்டு. பிறகு இரண்டாம் பாதியில் எட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து எல்லைக்கோட்டருகே மூன்று நான்கு நிமிடம் அசைய வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வார்ம்-அப் செய்யலாம், எந்தப் பக்கம் செய்யலாம் என்பதற்கு ஒவ்வொரு போட்டிக்கும் விதி உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; முறை வைத்துப் போய்வரலாம். யாராவது அடிபட்டு, 'உடனே இறங்கு' என்று கூப்பிட்டால் ஒன்றரை நிமிடம்தான் கிடைக்கும். அப்போது வேகமான முழங்கால் உயர்த்தல், பத்துக் குதிப்பு, பதினைந்து மீட்டரில் ஏறிக்கொண்டே போகும் மூன்று ஓட்டம். அது போதாது, ஆனால் ஒன்றும் இல்லாததைவிட மேல். இறங்கிய பிறகு முதல் இரண்டு மூன்று நிமிடம் முடிந்தவரை நடுத்தர வேகத்தில் இடம் மாறிக்கொண்டே இருங்கள்.

மாற்று கோல்கீப்பர் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பந்து பிடித்துக் கொடுக்கும் ஆளாக இருப்பது எனக்குப் பிடிக்காத வழக்கம். அவருக்கும் ஒரு வார்ம்-அப் வேண்டும்: பக்கவாட்டு அடிகள், தாழ்வான பந்து, உயரப் பந்து, இரண்டு பாய்ச்சல், நீளமாக உதைப்பது நாலைந்து. முதல் கீப்பருக்கு அடிபடும் நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது.

வெப்பநிலைக்கு ஏற்ப இதையெல்லாம் மாற்றிக்கொள்ளுங்கள். கடும் வெயிலில் தசை மெதுவாகத்தான் ஆறும், உடலின் உட்சூடு ஏறிவிடும் ஆபத்துதான் அதிகம். அங்கே மெல்லோட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள், வேக ஓட்டங்களைக் குறைக்காதீர்கள், நடுநடுவே நிழலில் நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள், கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் இதற்கு நேர்மாறு. பெஞ்சில் இருக்கும்போதே நீளக் காற்சட்டையும் தடித்த மேலாடையும் போட்டுக்கொண்டு இருங்கள், வார்ம்-அப் முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டு இறங்கும் கணம் வரை கழற்றாதீர்கள், வியர்வையில் நனைந்த பனியனை மாற்றிவிடுங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் சைக்கிள் வீரர்கள் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே தொடையைச் சூடாக வைத்திருக்க மின்கலத்தில் வேலை செய்யும் காற்சட்டை போட்டிருந்தார்கள். நமக்கு அது தேவையில்லை, ஒரு கம்பளி போதும், தத்துவம் ஒன்றுதான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. முழு ஆட்டமும் எழுந்து எழுந்து வார்ம்-அப் செய்துவிட்டு இறங்காமலேயே போகும் நாட்கள் நிறைய இருக்கும். அந்த வாரம் அணியில் மற்றவர்களைவிட நீங்கள் மிகக் குறைவாக ஓடியிருப்பீர்கள். இப்படி மூன்று ஆட்டம் போனால், நான்காவதில் 46-வது நிமிடத்தில் இறக்கும்போது எந்த வார்ம்-அப்பும் அந்தக் குறையைச் சரி செய்யாது. அதனால் ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றப் போகாமல், இறங்காதவர்கள் எல்லாரும் சேர்ந்து 60 மீட்டர் தூரத்தை நல்ல வேகத்தில் எட்டு முதல் பத்து முறை ஓடுங்கள், கடைசி இரண்டு முறை கிட்டத்தட்ட முழு வேகத்தில். காயம் ஆறி மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, நீங்கள் திரும்பி வர வேண்டிய வழியும் இதுதான்: முதலில் இந்த ஓட்டங்கள், இரண்டு வாரம் வலியில்லாமல் போன பிறகு பெஞ்ச், அதற்குப் பிறகு இடைவேளையில் இறங்குவது.